எட்டுப் பட்டை மின்சாரம்

நெய்வேலி டவுன்ஷிப்பில், வேம்பும் பலாவும் நிழல் பரப்பி நிற்கும் ஒரு குறுக்குத் தெருவில், என் தம்பிக்கு ஒதுக்கியிருக்கும் குவார்ட்டர்ஸின் முன்னறையில் அமர்ந்தபடி, இந்தக் கோடையில் மட்டும் 17 முறை என் கப்பலையும் அதில் என்னை நம்பி ஏறிய சிப்பந்திகளையும் ஒருவர் பாக்கியில்லாமல் பறிகொடுத்திருக்கிறேன். தம்பி சுரங்கத்தில் இரவு ஷிப்டுக்குப் புறப்படும் வேளையில் நான் என் பிரயாணத்தைத் தொடங்கியிருப்பேன். விடிந்த பிறகு அவன் சட்டையெல்லாம் மண்ணும் கண்ணெல்லாம் தூக்கமுமாக வீடு திரும்பும்போது, என் கப்பல் துண்டு துண்டாகச் சிதறி நட்சத்திரங்களுக்கிடையே மிதந்துகொண்டிருக்கும். "என்ன அண்ணே, இன்னும் தூங்கலையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவன் குளிக்கப் போய்விடுவான். அவனுடைய மகன், பள்ளிக்கூட விடுமுறையில் வேறு வேலையில்லாத ஒன்பதாம் வகுப்புப் பையன், அவ்வளவு தாட்சண்யம் காட்டுவதில்லை. "பெரியப்பா, மறுபடியும் செத்துட்டீங்களா?" என்று காபித் தம்ளரும் கையுமாக வந்து, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற குரலில் விசாரிப்பான்.

மறுபடியும் என்று அவன் சொல்வது நியாயமே. 'எஃப்.டி.எல்.' என்ற மூன்றெழுத்துப் பெயர் கொண்ட, ஒளியைக் காட்டிலும் வேகமாகப் பாயும் கப்பல்களைப் பற்றிய இந்த வீடியோ விளையாட்டை நான் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆடி, தோற்று, அதைச் செய்தவர்களை மனதாரச் சபித்து, கம்ப்யூட்டரிலிருந்து அழித்தும் விட்டவன். செய்தவர்கள் இரண்டே பேர். மாத்யூ டேவிஸ், ஜஸ்டின் மா என்ற அந்த இளைஞர்கள், டூகே என்ற பெரிய விளையாட்டு நிறுவனத்தின் ஷாங்காய்க் கிளையில் பார்த்த உத்தியோகத்தை விட்டு வெளியே வந்து, சப்செட் கேம்ஸ் என்று தங்களுக்கு ஒரு பெயர் சூட்டிக்கொண்டு, தாங்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டை முடிப்பதற்கு 10,000 டாலர் வேண்டுமென்று 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிக்ஸ்டார்ட்டர் மூலமாகப் பொதுமக்களிடம் கேட்டார்கள். 2,00,000 டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் விளையாட்டு வெளிவந்தது; மறு ஆண்டு சுயேச்சைப் படைப்பாளிகளுக்கான விழாவில் சிறந்த வடிவமைப்புக்கான பரிசையும் ரசிகர்களின் பரிசையும் சேர்த்தே பெற்றது.

கதை சுருக்கமானது. கலகக்காரர்களின் பெரும்படை பின்தொடர, ஓர் இரகசியத்தைச் சுமந்துகொண்டு, எட்டு மண்டலங்களைக் கடந்து சொந்தத் தரப்பாரிடம் போய்ச் சேர வேண்டும். சேர்ந்த இடத்தில் எதிரியின் தலைமைக் கப்பலை உடைக்கவும் வேண்டும். இவ்வளவுதான். ஆனால் விண்வெளி யுத்தம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுகிற பாய்ச்சலும் புரளலும் இதில் கிடையாது. கப்பலின் கூரையைக் கழற்றி வைத்துவிட்டு மேலிருந்து பார்ப்பதுபோல, வீட்டு மனையின் வரைபடம் ஒன்று திரையில் விரிகிறது; அதில் கவசத்துக்கு ஓர் அறை, எந்திரத்துக்கு ஓர் அறை, ஆயுதத்துக்கு ஓர் அறை, பிராணவாயுவுக்கு ஓர் அறை, மருத்துவத்துக்கு ஓர் அறை. ஆடுகிறவர் எந்த அறையிலும் இல்லை. எல்லா அறைகளுக்கும் பொதுவான எஜமானராக, இவன் அங்கே போகட்டும், அவன் இதைச் செப்பனிடட்டும் என்று உத்தரவிடுவதே அவருடைய தொழில்.

அந்த உத்தரவுகளில் முதன்மையானது மின்சாரத்தைப் பங்கிடுவது. முதல் கப்பலான கெஸ்ட்ரலின் ரியாக்டர் தொடக்கத்தில் எட்டுப் பட்டை மின்சாரம் தருகிறது. கவசத்துக்கு இரண்டு, எந்திரத்துக்கு இரண்டு, ஆயுதங்களுக்கு மூன்று, பிராணவாயுவுக்கு ஒன்று என்று கொடுத்து முடித்தால் கணக்குத் தீர்ந்துவிடும். மருத்துவ அறைக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே சிப்பந்தி ஒருவன் காயம்பட்டு, உயிர் ஊசலாட அந்த அறைக்குள் வந்து நிற்கும்போது, யாருடைய பங்கைப் பிடுங்கி அவனுக்குக் கொடுப்பது என்ற கேள்வி எழுகிறது. பழகியவர்கள் பிராணவாயுவை நிறுத்துவார்கள். கேட்பதற்கு மகாபாதகமாகத் தோன்றினாலும், அறைகளில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் காற்று ஒரே நொடியில் தீர்ந்துவிடாது, மெல்லத்தான் தேயும் என்பதைத் தெரிந்துகொண்டு, அந்தச் சிறு அவகாசத்துக்குள் காயத்தை ஆற்றி, மறுபடி காற்றைத் திறந்துவிடுவது இந்த ஆட்டத்தின் பாலபாடம். மாதக் கடைசியில் மளிகைக் கடன், பால் கடன், பள்ளிக்கூடச் சம்பளம் ஆகிய மூன்றில் எதை எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்று கணக்கிட்ட அனுபவமுள்ள எந்தக் குடும்பஸ்திரீயும், துப்பாக்கி விளையாட்டுகளில் விரல் தேய்ந்த வாலிபனைக் காட்டிலும் இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்வாள் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பங்கீட்டுக்கு ஒரு பூர்வீகமும் உண்டு. 1971ஆம் ஆண்டில் மைக் மேஃபீல்ட் என்ற அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர், தொலைக்காட்சியில் தாம் பார்த்த விண்கப்பல் தொடரைக் கொண்டு ஒரு கம்ப்யூட்டர் ஆட்டம் எழுதினார். அந்தக் காலத்தில் அதைப் பெரும்பாலும் டெலிடைப் இயந்திரம் தட்டித் தள்ளும் காகிதச் சுருளில்தான் ஆடினார்கள். அதிலும் கையிருப்புச் சக்தி ஓர் அளவுதான். அதைக் கவசத்துக்கும் ஆயுதத்துக்கும் பிரயாணத்துக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். டேவிஸும் மாவும் அந்த ஒற்றைக் கணக்கைப் பெருக்கி ஒரு வீடாகவே கட்டிவிட்டார்கள். ரெட் நவம்பர் என்ற பலகை விளையாட்டும் தங்களுக்குத் தூண்டுதலாக இருந்ததென்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பழுதுபட்ட நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றில் குள்ளர்கள் சிலர் நெருப்போடும் வெள்ளத்தோடும் மல்லாடி, உதவி வரும்வரை உயிரைப் பிடித்துவைத்திருக்கும் ஆட்டம் அது.

நான் முதன்முதலில் இதை ஆடிய சந்தர்ப்பத்தையும் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் தமிழ்நாட்டில் மின்சாரம் இருந்த நிலையை மறந்தவர்கள் இருக்க முடியாது. சென்னையைத் தவிர்த்த ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் விளக்கு அணைந்துகிடந்தது. அப்போது திருக்கோவிலூரில் குடியிருந்த நான், மடிக்கணினியின் பேட்டரியில் எத்தனை நிமிஷம் மிச்சமிருக்கிறது என்று மூலையில் ஒரு கண்ணும், கப்பலின் ரியாக்டரில் எத்தனை பட்டை மிச்சமிருக்கிறது என்று நடுவில் ஒரு கண்ணுமாக, கொசுக்கடியில் ஆடிக்கொண்டிருந்தேன். தென் மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்ளும் மின்சாரத்தை நெய்வேலியில் தயாரிக்கிறவர்களில் ஒருவன் என் சொந்தத் தம்பி என்ற நினைப்பு அந்த இருட்டில் எனக்குப் பெரிய ஆறுதலாக இல்லை. எல்லாருக்கும் போதாத மின்சாரத்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்று எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து தீர்மானிக்கிற மனிதரை அதுவரை நான் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். கெஸ்ட்ரலில் சில இரவுகள் கழித்த பிறகு, திட்டுவதை நிறுத்தாவிட்டாலும், கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டேன்.

கப்பலில் தீப்பிடிப்பது சர்வ சாதாரணம். எதிரியின் ஏவுகணை ஓர் அறையில் விழுந்தால் தழல் அடுத்த அறைக்குத் தாவும். அங்கிருக்கும் சாதனத்தையும் கெடுத்து, ஆட்களையும் வாட்டும். அணைப்பதற்கு இரண்டு வழி. ஆட்களை அனுப்பிக் கையால் அணைக்கலாம். அல்லது அவர்களை வெளியேற்றிவிட்டு, வெளிக்கதவைத் திறந்து அந்த அறையின் காற்றை ஆகாயவெளிக்கு விட்டுவிடலாம். காற்றில்லாத இடத்தில் நெருப்பும் இல்லை. இந்த இரண்டாவது உபாயத்தை நான் ஒருநாள் காலையில் பெருமையோடு செய்து காட்டியபோது, தம்பி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்தான். "எங்களுக்கு இந்த வசதி இல்லையே அண்ணே. கரியை வெட்டி வெளிய போட்டா அதுவா சூடேறி அதுவா பத்திக்கும். காத்தை எங்க கொண்டுபோய் விடுறது? தண்ணிதான் பீச்சணும்" என்றான். பழுப்பு நிலக்கரியின் சுபாவம் அப்படி. காற்றுப் பட்டதும் பிராணவாயுவை உறிஞ்சி உள்ளுக்குள் கொதிக்கத் தொடங்கும் அதைக் குவித்துவைத்துவிட்டு அயர்ந்திருக்க முடியாது.

இனி இதன் கொடுமைக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தில் ஒருமுறை செத்தால் செத்ததுதான். பழைய இடத்துக்குத் திரும்பிப் போய்த் தவற்றைத் திருத்திக்கொள்ளும் சலுகை கிடையாது. மறுபடி முதல் மண்டலம், மறுபடி எட்டுப் பட்டை. 1980ஆம் ஆண்டில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற கலிஃபோர்னிய மாணவர்கள் எழுதிய 'ரோக்' என்ற பாதாள விளையாட்டிலிருந்து வரும் சம்பிரதாயம் இது. அதிலும் இதிலும் பாதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பின்னப்படுவதால், மனப்பாடம் செய்து ஜெயிக்க வழியில்லை. அபயக்குரல் கேட்டு ஒரு விண்நிலையத்துக்குப் போவீர்கள். ராட்சதச் சிலந்திகள் அங்கே ஜனங்களைச் சூழ்ந்திருக்கும். தர்மசிந்தையோடு ஆளை அனுப்பினால் வெகுமதியோடு திரும்பினாலும் திரும்புவான், திரும்பாமலும் போவான். சிப்பந்திகளுக்கு நாமே பெயர் சூட்டலாம் என்ற வசதியை நம்பி நான் என் மாமன்மாரின் பெயர்களை வைத்திருந்தேன். சிலந்திகளிடம் மூத்த மாமாவை இழந்த அன்று, அவர் நல்ல தேக சௌக்கியத்தோடு சிதம்பரத்திலிருந்து போன் செய்தபோது எனக்குப் பேச நா எழவில்லை.

அப்படியானால் இது வெறும் அதிர்ஷ்டம்தானே என்று கேட்பார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் சொல்லிவிட்டு எழுந்துபோனேன். ஆனால் நம் வீடுகளில் ஆடும் ஆட்டங்களைச் சற்றே நினைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபதத்தில் காய்க்குச் சுயபுத்தி இல்லை. ஏணியும் பாம்பும் விழுந்த எண்ணின் கிருபை. ஆடு புலி ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. கட்டையும் கிடையாது, சோழியும் கிடையாது, புலி வாயில் ஆட்டை வைத்தவன் தன்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்பது தாயம். தாயம் விழாமல் காய் இறங்காது. ஆனால் விழுந்த எண்ணைக் கொண்டு எந்தக் காயை நகர்த்துவது, மலையில் ஏறிப் பத்திரமாக உட்காருவதா, துணிந்து வெட்டுவதா, பழமாகப்போகிற காயை அவசரப்படுத்துவதா என்பதெல்லாம் ஆடுகிறவர் பொறுப்பு. திண்ணையில் ஆடிய பாட்டிமார்கள் பொதுவாக ஜெயித்தது அவர்களுக்குச் சோழி விசேஷமாக விழுந்ததால் அல்ல. எஃப்.டி.எல். இந்தத் தாயத்தின் ஜாதி. மிகக் கடினமான நிலையில் வைத்துக்கொண்டே அடுத்தடுத்து ஜெயித்துக்கொண்டு போகிற நிபுணர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். வெறும் அதிர்ஷ்டம் ஒரே வீட்டில் அத்தனை நாள் தங்குவதில்லை.

இந்தக் கோடையில் நான் அதனிடம் திரும்பி வந்தபோது ஆட்டமும் சற்று மாறியிருந்தது. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் ஆசிரியர்கள் விலையில்லாமல் ஒரு விரிவான பதிப்பை வழங்கி, எதிரியின் அறைகளை ஊடுருவி முடக்கும் கருவிகளையும், எதிரியின் ஆளை நம் ஆளாக்கும் வசியத்தையும், புதிய ஜீவராசி ஒன்றையும், கூடவே 'கடினம்' என்றொரு படிநிலையையும் சேர்த்திருந்தார்கள். நான் ஆடுவது 'சுலபம்' என்ற படிநிலையில் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தச் சொல்லை அவர்கள் எந்த அகராதியில் எடுத்தார்களோ தெரியாது.

இம்முறை ஒரு காரியம் செய்தேன். தம்பி மகனின் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரியாக, எந்த மண்டலத்தில், எதனால் என்று எழுதிவரத் தொடங்கினேன். நெருப்பை அணைக்கத் திறந்த கதவை மூட மறந்து, எல்லாரும் மூச்சுத் திணறி மாண்டது. ஏவுகணைகளையே நம்பியிருந்து, அவை தீர்ந்த நாளில் வெறுங்கையோடு நின்றது. எரிபொருள் இல்லாமல் நடுவழியில் நின்று, பின்னால் வந்த படை நிதானமாக வந்து சேரும்வரை வேடிக்கை பார்த்தது. கும்பிடுபூச்சி உருவங்கொண்ட முரட்டு வீரர் இருவரை எதிரிக் கப்பலுக்குள் அனுப்பி, அவர்கள் அங்கே சண்டையிட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தக் கப்பலை நானே சுட்டுத் தகர்த்தது; இதை எழுதும்போது கை கூசிற்று. பத்து வரி சேர்ந்ததும் படித்துப் பார்த்தேன். விதியின் மேல் பழி போடத்தக்கவை இரண்டோ மூன்றோதான். மற்றவற்றில் என் கையெழுத்து நோட்டில் இருந்ததைப்போலவே சம்பவத்திலும் இருந்தது. தோல்விக்குக் காரணம் தெரியாத ஆட்டத்தை மனிதன் விட்டுவிடுவான். காரணம் தெரிந்துவிட்டால் அதுவே அவனைப் பிடித்துக்கொள்கிறது. ராத்திரி படுத்த பிறகும் அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது.

குறை சொல்லவும் இடமுண்டு. கடைசியில் நிற்கும் தலைமைக் கப்பல் அதுவரை சந்தித்த எதிரிகளோடு ஒப்பிடத்தக்கதல்ல. நான்கு ஆயுதங்கள், அவற்றில் ஒன்று, கவசத்தைச் சட்டை செய்யாத ஏவுகணைகளை ஒரே சமயத்தில் மூன்றாக அனுப்புகிறது. அதை உடைத்தால் தப்பி ஓடி வேறு வேஷத்தில் வருகிறது. மறுபடி உடைத்தால் மூன்றாம் முறையும் வருகிறது. ஏழு மண்டலங்களில் விதவிதமாக வாழ அனுமதித்துவிட்டு, எட்டாவதில் குறிப்பிட்ட சில தயாரிப்புகள் இல்லாதவனுக்கு வாசலைச் சாத்துவது, வருஷமெல்லாம் பல பாடம் நடத்திவிட்டுப் பரீட்சையில் ஒரே பாடத்தில் கேள்வி கேட்பதற்குச் சமானம். இதை அவர்களிடம் நேரில் சொல்லவும் தயார்.

ஆனாலும் ஒரு பெரிய தயவு இதில் வைத்திருக்கிறார்கள். விசைப்பலகையின் அடியிலுள்ள நீளமான ஸ்பேஸ் பாரைத் தட்டினால் காலம் நின்றுவிடும். பாய்ந்து வரும் ஏவுகணை அந்தரத்தில் நிற்கும், தழல் அசையாது, காபி குடித்துவிட்டு வந்து சாவகாசமாக யோசிக்கலாம். தம்பிக்கு இது ஆச்சரியமாக இருந்தது. அவன் வேலை பார்க்கிற இடத்தில் நிறுத்தக்கூடாத ஒன்று இருக்கிறது. ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்காரர் நெய்வேலியில் தம் நிலத்தில் வந்த கரிய பொருளைக் கண்டு அதிகாரிகளுக்குத் தெரிவித்த முப்பதுகளிலிருந்து, நேரு வந்து 1957ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தது வரை இத்தனை காலம் கழிந்ததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று கரிக்கு அடியில் கிடக்கும் தண்ணீர். சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டு கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும் ஊற்று அது. மேலே மண்ணும் கரியும் பாரமாக இருக்கும்வரை அடங்கியிருக்கும்; பாரத்தை வெட்டி எடுத்தால் சுரங்கத்தின் தரையையே வீங்கச் செய்து உடைத்துக்கொண்டு வரும். ஆகவே கரியை எட்டுவதற்கு முன்பிருந்தே சுற்றிலும் ஆழ்குழாய்களை இறக்கி இரவும் பகலும் இறைத்தார்கள். 1961ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் கரி கண்ணில் பட்டது. இன்றும் பம்புகள் ஓடுகின்றன, தீபாவளியன்றும் ஓடுகின்றன. அப்படி இறைத்ததில் சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் எந்த மட்டத்துக்கு இறங்கின என்று கேட்டால் அந்தக் கிராமத்தார் வேறொரு கணக்குச் சொல்வார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

போன வாரம் ஒரு நாள், தம்பிக்கு வார விடுமுறை. 17ஆவது கப்பலை முந்திய இரவில்தான் இழந்திருந்தேன். தலைமைக் கப்பலின் இரண்டாம் வேஷம் வரை போய் முறிந்தது. கூடத்தில் கிடந்த நோட்டை எடுத்து அவன் முதல் வரியிலிருந்து படித்தான். ஷிப்ட் முடிகிறபோது லாக் புத்தகம் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற பழக்கமுள்ளவன். ஆகையால் என்னைப்போலச் சிரிக்கவில்லை.

"அண்ணே, எல்லாத்துலயும் செத்த நேரத்தையே எழுதியிருக்கீங்க."

"வேற எதை எழுதறது?"

"கடைசியா எல்லாம் நல்லா இருந்த நேரம் எது? அதை எழுதலையே. நாங்க அதைத்தான் முதல்ல பார்ப்போம். பெல்ட்டு நின்னது ரெண்டரை மணின்னா ரெண்டரை மணியைப் பார்த்து என்ன புண்ணியம்?"

பையனிடம் ஸ்கேலும் பென்சிலும் வாங்கிப் பக்கத்தின் வலது ஓரத்தில் அவனே ஒரு கோடு இழுத்துக் கொடுத்தான். 17ஆவது வரியிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் வேஷத்தில் என்னைக் கொன்றது ஏவல் விமானங்கள் என்று எழுதியிருந்தேன்; ஆனால் அப்போதே கவசம் பாதிதான் இருந்தது. கவசம் பாதியாக இருந்தது அதைப் பெருக்கப் பணம் இல்லாததால். பணம் இல்லாமற்போனது ஐந்தாம் மண்டலத்துக் கடையில், என்னிடம் ஏற்கெனவே இருந்த ஆயுதங்களுக்கே மின்சாரம் போதாதிருக்க, பார்க்க அழகாயிருந்த ஒரு லேசரை வாங்கியதால். அந்த லேசர் கடைசிவரை ஒருதரம்கூடச் சுடவில்லை. கொடுக்க மின்சாரம் மிஞ்சவில்லை. புதிய பத்தியில், ஐந்தாம் மண்டலம், கடைக்குள் நுழைவதற்கு முன், என்று எழுதினேன்.

"அதுக்கும் முன்னால பாருங்க பெரியப்பா," என்றான் பையன், தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு. "மூணாவதுலயே ஒரு வேண்டாத பொருள் வாங்கினீங்க. நான் அப்பவே சொன்னேன்."

எழுதியதை அழித்தேன்.